ஒரு செய்தி, ஓராயிரம் கைப்பேசிகள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கைப்பேசி இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. கிரிக்கெட் ஆட்டம் நடைபெறும் மாலை வேளையில் ஒரே தெருவில் நூறு பேர் தத்தம் கைப்பேசியில் அந்த ஒரே ஆட்டத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். ஆட்டம் ஒன்று, காட்சியும் ஒன்று. ஆயினும் தெருமுனையில் நிற்கும் கோபுரத்திற்கு அக்காட்சி எத்தனை முறை வந்து சேருகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நூறு பேர் பார்த்தால் நூறு முறை வருகிறது. கோபுரமும் அதை நூறு முறை தனித்தனியே வான்வழி அனுப்புகிறது. பக்கத்து வீட்டில் "அவுட்!" என்ற கூச்சல் எழுந்து சில நொடிகள் கழித்தே நம் வீட்டில் விக்கெட் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானொலி நிலையம் ஒருமுறை பேசினால் ஊர் முழுவதும் கேட்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்த கைப்பேசி மட்டும் ஏன் சொன்னதையே நூறு முறை சொல்ல வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண, கைப்பேசி வலையின் உள்ளே ஓடும் 'சுரங்கங்கள்' எவை என்பதை முதலில் காண்போம்.

சுரங்கம் என்பது யாது?

இது மண்ணைத் தோண்டி அமைக்கும் சுரங்கம் அன்று. ஓர் உதாரணம் கூறுகிறோம். விடுதி மாணவி ஒருத்தி கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குச் சென்றிருக்கிறாள். அவளுடைய தோழி அதை அறியாமல் விடுதி முகவரிக்கே கடிதம் எழுதுகிறாள். விடுதிக் காப்பாளர் அக்கடிதத்தைப் பிரிக்காமல், அப்படியே ஒரு பெரிய உறைக்குள் வைத்து, மேலே பாட்டி வீட்டு முகவரியை எழுதித் தபாலில் சேர்க்கிறார். தபால்காரர் வெளியுறையை மட்டுமே பார்ப்பார். உள்ளே இருக்கும் பழைய முகவரி அவர் கண்ணில் படாது. பாட்டி வீட்டில் வெளியுறை கிழிக்கப்படும். கடிதம் உரியவளை அடையும். அவள் அங்கிருந்து அத்தை வீட்டுக்குப் போனால், காப்பாளர் வெளியுறையின் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். எழுதிய தோழிக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

கைப்பேசியிலும் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு கைப்பேசிக்கும் வலையின் தலைவாயில் ஒரு முகவரி தருகிறது. எழும்பூரில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போகும் ஒருவர் வழியில் பல கோபுரங்களைக் கடக்கிறார். ஒவ்வொரு கோபுரத்திலும் முகவரி மாறினால் பார்த்துக் கொண்டிருக்கும் காட்சி அறுந்துவிடும். எனவே தலைவாயில், அவருக்கு வரும் தகவல் பொட்டலங்களை வேறோர் உறையில் இட்டு, அந்நேரத்தில் அவர் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறாரோ அந்தக் கோபுரத்தின் முகவரியை மேலே எழுதி அனுப்புகிறது. தலைவாயிலில் உறை ஒட்டப்பட்டுக் கோபுரத்தில் கிழிக்கப்படும் அந்த வழியைத்தான் சுரங்கம் என்கிறார்கள்.

4ஜி வலையில் இந்த உறைக்கு ஜி.டி.பி. என்று பெயர். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வெளியுறைக்காக மட்டும் குறைந்தது 36 பைட் செலவாகிறது. உறையின் மேல் கோபுரத்தின் முகவரியோடு ஒரு சுரங்க எண்ணும் இருக்கும். அது 32 பிட் நீளமுள்ள எண். ஆகவே 429 கோடிக்கும் மேற்பட்ட எண்களுக்கு இடமுண்டு. அந்த எண்ணைப் பார்த்தே கோபுரம், 'இது இன்ன கைப்பேசிக்குரியது' என்று பிரித்துக் கொடுக்கிறது. மூடப்பட்டுவிட்ட சுரங்கத்தின் எண்ணோடு ஏதேனும் பொட்டலம் வந்தால், 'அப்படி ஒருவர் இங்கு இல்லை' என்று கோபுரம் பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பிவிடும். தபால் இலாகாவில் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்புவது போன்றதே இது.

இப்பொழுது நமது கேள்விக்கு விடை புலப்படும். இந்த ஏற்பாடு ஒவ்வொருவரையும் தனித்தனியே பின்தொடர்ந்து செல்வதற்காகவே வகுக்கப்பட்டது. நூறு கைப்பேசி என்றால் நூறு சுரங்கம். நூறு சுரங்கத்திலும் ஒரே காட்சிதான் ஓடுகிறது என்பதை, உறையை மட்டுமே பார்க்கும் வலையால் அறிய முடிவதில்லை.

குழுவுக்கு ஒரு முகவரி

ஒருமுறை அனுப்பிப் பலருக்குச் சேர்ப்பிக்கும் எண்ணம் கைப்பேசிக்கு வருமுன்பே கணினி வலையில் தோன்றிவிட்டது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஸ்டீவ் டீரிங் என்பவர் இதற்கான விதிமுறையை 1989-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒருவருக்கு மட்டும் அனுப்புவது யூனிகாஸ்ட். எல்லோருக்கும் அனுப்புவது பிராட்காஸ்ட். கேட்க விரும்பிச் சேர்ந்த குழுவுக்கு மட்டும் அனுப்புவது மல்டிகாஸ்ட். 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் இணைய முகவரிகள் குழுக்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. அவை எந்த ஒரு கணினியின் முகவரியும் அல்ல. ஒரு சங்கத்தின் பெயர் போன்றவை. விருப்பமுள்ள கணினி, 'என்னையும் சேர்த்துக்கொள்' என்று அருகிலுள்ள வழிகாட்டிக் கருவியிடம் சொன்னால் போதும். எந்த இடத்தில் பாதை பிரிகிறதோ அந்த இடத்தில் மட்டும் பிரதி எடுக்கப்படும்.

ஆனால் அன்றைய வழிகாட்டிக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குழு முகவரி புரியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? புரியாத கருவிகளின் இடையே செல்லும்போது குழுப் பொட்டலத்தைச் சாதாரண முகவரியுள்ள உறைக்குள் மறைத்து அனுப்பினார்கள். 1992-ல் தொடங்கிய 'எம்போன்' என்னும் வலை இவ்வாறு சுரங்கங்களால் இணைக்கப்பட்டதே. 1994 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக் குழுவின் நிகழ்ச்சியில் ஒரு பகுதி இவ்வலை மூலம் பல நாடுகளுக்குச் சென்றது. கைப்பேசி வலையில் வீண் பிரதிகளுக்குக் காரணமான அதே சுரங்கம், இங்கே ஒரே பிரதியைத் தூக்கிச் செல்லும் வாகனமாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஆகவே குறை சுரங்கத்தில் இல்லை. யாருக்காக, எவ்வளவு தூரம், எத்தனை சுரங்கம் திறப்பது என்னும் நிர்வாகத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

வகுப்பறையில் ஒரு சோதனை

இதை விளங்கிக்கொள்ள எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு நடத்தினோம். நாற்பத்திரண்டு மாணவியர், நான்கு வரிசை. வரிசைத் தலைவியரே கோபுரங்கள். முதலில் வகுப்புத் தலைவி ஒரே வாக்கியத்தை நாற்பத்திரண்டு சீட்டுகளில் எழுதி, பெயரிட்டு அனுப்பினாள். எழுதியவள் கை வலிக்கிறது என்று சொன்னதுதான் மிச்சம். பாதிச் சீட்டு போவதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் நான்கே சீட்டுகள் எழுதினாள். ஒவ்வொரு வரிசைத் தலைவியும் அதை ஒருமுறை உரக்கப் படித்தாள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஆனால் அப்போதுதான் வேறு தொல்லைகள் தெரியவந்தன. கடைசிப் பெஞ்சில் இருந்தவளுக்கு 'பதினேழு' என்றது 'பதினெட்டு' என்று காதில் விழுந்தது. தனிச் சீட்டாக இருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள். எல்லோருக்குமாகப் படிக்கும்போது யாரிடம் கேட்பது? அவளுக்கும் கேட்கவேண்டுமென்றால் தலைவி எல்லோருக்கும் மெதுவாகப் படிக்கவேண்டும். முன் பெஞ்சுக்காரிகளுக்குச் சலிப்பு. நான்காம் வரிசையில் அன்று பலர் நாடகப் பயிற்சிக்குப் போய்விட்டதால் ஒருத்தியே இருந்தாள். அவளுக்காகத் தலைவி எழுந்து நின்று உரக்கப் படித்தது எல்லோருக்கும் சிரிப்பை உண்டாக்கியது. விளையாட்டில் தோன்றிய இம்மூன்று தொல்லைகளும் உண்மையான வலையிலும் உண்டு.

4ஜி வலையில் ஒரே குரல்

4ஜி வலைக்கான குழுச் சேவையின் பெயர் இ.எம்.பி.எம்.எஸ். உலகக் கைப்பேசி வலைகளுக்கு விதிமுறை வகுக்கும் 3ஜி.பி.பி. அமைப்பு இதை ஒன்பதாவது வெளியீட்டில் சேர்த்தது. இதில் ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு சுரங்கம் இல்லை. நிகழ்ச்சிக்கு ஒரு சுரங்கம், அதற்கு எல்லாக் கோபுரங்களுக்கும் பொதுவான ஒரே சுரங்க எண். குழு முகவரியில் சேர்ந்துகொண்ட கோபுரங்கள் அனைத்துக்கும் அந்த ஒரே உறை போய்ச் சேரும்.

இதில் எங்களை மிகவும் கவர்ந்த அம்சம் ஒன்றுண்டு. பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் வேறு வேறு செய்திகளை அனுப்பினால் அவை ஒன்றையொன்று கெடுக்கும். ஆனால் எல்லாக் கோபுரங்களும் ஒரே செய்தியை, ஒரே அலைவரிசையில், ஒரே கணத்தில் அனுப்பினால்? பாடகர் குழுவில் பலர் சேர்ந்து ஒரே சுரத்தில் பாடுவது போல, குரல்கள் கூடி வலுப்பெறும். அதற்காக அனுப்பும் நிலையமே பொட்டலங்களின் மேல் நேரக் குறியிட்டு விடுகிறது. முன்னால் வந்து சேர்ந்த கோபுரம் அவசரப்படாமல் குறித்த நேரம் வரும்வரை காத்திருக்கும். அப்படியும் தூரத்துக் கோபுரத்தின் அலை சற்றுத் தாமதமாகவே கைப்பேசியை அடையும். ஆகவே ஒவ்வொரு குறியீட்டின் தொடக்கத்திலும் 16.67 மைக்ரோ வினாடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்று பௌதிகத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? பெருக்கிப் பாருங்கள், 5 கிலோமீட்டர் வரும். அவ்வளவு தூர வித்தியாசம் வரையில் பின்னால் வரும் அலையும் இடைஞ்சலாகாமல் துணையாகவே இருக்கும்.

கடைசிப் பெஞ்சுத் தோழியின் தொல்லைக்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 'கேட்டேன்', 'கேட்கவில்லை' என்று கைப்பேசி பதில் சொல்ல இச்சேவையில் வழியில்லாததால், கோப்புகளை அனுப்பும்போது ராப்டர் என்னும் சங்கேத முறையில் சில உபரிப் பொட்டலங்களையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். நடுவில் சில தொலைந்தாலும், கிடைத்தவற்றைக் கொண்டு கைப்பேசி தானே கணக்கிட்டு விடுபட்டதை நிரப்பிக் கொள்கிறது.

தென் கொரியாவில் கே.டி. நிறுவனம் 2014 ஜனவரியில் இதை வணிகமுறையில் தொடங்கியது. உலகிலேயே அதுதான் முதல். ஆயினும் இது எல்லா நாடுகளிலும் பரவவில்லை. கைப்பேசிக்குள்ளும் இதற்கென வசதி வேண்டும். மேலும் வான்வழியில் ஒரு பங்கைக் குழுவுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கவேண்டும். 4ஜியில் காலம் பத்துப் பத்துத் துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒன்பதாவது வெளியீட்டின்படி அவற்றில் ஆறு துண்டுகள் வரை குழுவுக்குத் தரலாம். குழுவில் ஒருவருமே இல்லாத வேளையில் அவ்விடம் வெறுமனே போகும் அல்லவா?

எப்போது திறப்பது, எப்போது மூடுவது

இங்கேதான் நிர்வாகம் வருகிறது. பத்தாவது வெளியீட்டில் 'எண்ணிப் பார்க்கும்' முறை சேர்க்கப்பட்டது: இந்நிகழ்ச்சியை விரும்புவோர் எத்தனை பேர் என்று வலை கேட்கும்; கைப்பேசிகள் பதில் சொல்லும். பன்னிரண்டாவது வெளியீட்டில் இன்னும் ஒரு படி சென்றார்கள். எல்லோரும் தனித்தனிச் சுரங்கத்திலேயே பார்க்கத் தொடங்கட்டும். பார்ப்போர் பெருகியதும் குழுச் சேவைக்கு மாற்றுவது, குறைந்ததும் தனிச் சுரங்கத்துக்கே திரும்புவது என்று வகுத்தார்கள். நான்காம் வரிசையில் ஒருத்தி மட்டும் இருந்தால் அவள் கையில் சீட்டைக் கொடுத்துவிடுவதே மேல்.

2022-ல் நிறைவுபெற்ற பதினேழாவது வெளியீட்டில் 5ஜிக்கான குழுச் சேவை வந்தது. இதில் ஒரு கோபுரத்தின் கீழ் குழுவில் முதல் ஆள் சேரும்போது, கோபுரமே வலையின் நடுப்பகுதியைக் கேட்டுப் பொதுச் சுரங்கத்தைத் திறந்து கொள்கிறது. இரண்டாம் ஆளும், இருநூறாம் ஆளும் வந்தால் புதுச் சுரங்கம் தேவையில்லை. கடைசி ஆள் விலகியதும் கோபுரமே சொல்லி மூடிவிடும். வான்வழியில் தனியாகக் கொடுப்பதா, பொதுவாகக் கொடுப்பதா என்பதையும் கோபுரமே தீர்மானிக்கும்.

எல்லாக் கோபுரங்களும் ஒரே நாளில் புதியனவாகிவிடுவதில்லை. குழுச் சேவை அறியாத கோபுரத்தின் எல்லைக்குள் ஒருவர் போய்விட்டால், பொதுச் சுரங்கத்தில் வந்ததை அவருக்கு மட்டும் பிரதி எடுத்து அவருடைய சொந்தச் சுரங்கத்தில் அனுப்புகிறார்கள். புதிய கோபுரம் ஒன்றிலிருந்து மற்றொரு புதிய கோபுரத்துக்கு மாறும்போது வேறொரு கவலை. இங்கே எழுபதாவது பொட்டலம் வரை வந்திருக்கலாம். அங்கே எழுபத்துமூன்றாவது ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகையால் உறையின் மேலேயே வரிசை எண் இடப்படுகிறது. எது விடுபட்டது, எது இருமுறை வந்தது என்பதை அதைக் கொண்டு அறியலாம். கைப்பேசிக்காரருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது என்பதே இவ்வளவு ஏற்பாட்டின் நோக்கம்.

கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் உள்ள வை-பை வலையிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே நடுவில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும், அதிலிருந்து ஒவ்வோர் அறைக் கருவிக்கும் ஒரு சுரங்கமும் இருக்கும். நடுக் கருவியே அறைக்கொரு பிரதி எடுத்துத் திணறுவதற்குப் பதில், அறைக் கருவிகள் அனைத்தையும் ஒரு குழு முகவரியில் சேர்த்து, ஒரே உறையாக அனுப்பும் முறை இப்போது இருக்கிறது.

சுரங்கமே வேண்டாத செய்தி

தோழியரே, கிரிக்கெட் ஆட்டம் சில நொடி தாமதித்தால் நஷ்டமொன்றும் இல்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 காலையை நினைத்துப் பாருங்கள். சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது இங்கே மணி ஏறத்தாழ ஆறரை. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் நின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாங்கள் அப்போது பிறக்கவே இல்லை. பெரியோர் சொல்லக் கேட்டதுதான்.

அத்தகைய வேளையில் குறுஞ்செய்தி உதவுமா? குறுஞ்செய்தி எண் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போவது. லட்சம் பேருக்கு லட்சம் செய்தி வரிசையில் நிற்கவேண்டும். அதற்குள் எல்லோரும் ஒருவரையொருவர் அழைக்கத் தொடங்கி வலையே அடைத்துக்கொள்ளும். இதற்கென உள்ளதே 'செல் பிராட்காஸ்ட்'. இதில் யாருடைய எண்ணும் தேவையில்லை. யாருக்கும் சுரங்கம் திறக்க வேண்டியதில்லை. இன்னின்ன கோபுரங்கள் என்று இடத்தை மட்டும் குறித்து, கட்டளைகள் செல்லும் வழியிலேயே செய்தியை அனுப்பினால், கோபுரம் தன் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் அதை ஒரே நேரத்தில் அறிவிக்கும். ஜப்பானில் டோகோமோ நிறுவனம் 2007-லிருந்தே நில அதிர்ச்சி எச்சரிக்கையை இவ்வாறு கொடுத்து வருகிறது. நம் நாட்டில் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய முறையைத் தமிழ்நாட்டில் 2023 அக்டோபர் 20 அன்று சோதித்தார்கள். பலர் வீட்டில் கைப்பேசி திடீரென்று அலறியதும் திகைத்துப் போனார்கள் என்று எங்கள் வகுப்பிலேயே பலர் கூறினர்.

இதில் தமிழுக்கு ஒரு சிறு சங்கடம் உண்டு. பழைய 2ஜி முறையில் இச்செய்தியின் ஒரு பக்கத்துக்கு 82 பைட் இடம். ஆங்கிலமானால் 93 எழுத்து அடங்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் இரண்டு பைட் பிடிப்பதால் 41 குறியீடுகளே அடங்கும். அதிலும் நாம் 'வெள்ளம்' என்பதை நான்கெழுத்தாக எண்ணுகிறோம். கணினியோ கொம்பையும் புள்ளிகளையும் தனியே எண்ணி ஏழு என்கிறது. ஒரு செய்திக்கு 15 பக்கம் வரை உண்டு என்பதால் இடமில்லாமல் போகாது. ஆனாலும் எச்சரிக்கை எழுதுவோர் சுற்றி வளைக்காமல், எங்கே, எப்போது, என்ன செய்யவேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுவது நலம்.

யாருக்குச் செய்தி சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்ற கணக்கு இம்முறையில் வலையிடம் இல்லை. கோபுரத்தின் எல்லைக்கு வெளியே கடலில் இருக்கும் படகுக்கும், அணைத்து வைத்த கைப்பேசிக்கும் அது எட்டாது. ஆகவே கோபுரம் அதே செய்தியைக் குறித்த இடைவெளியில் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். முன்பே பெற்ற கைப்பேசி, செய்தியின் வரிசை எண்ணைப் பார்த்து மீண்டும் ஒலிக்காமல் இருந்துவிடும். கரைக்குத் திரும்பும் படகிலிருப்பவரும், சற்று முன்பே கைப்பேசியை உயிர்ப்பித்தவரும் அடுத்த சுற்றில் அதைப் பெறுவார்கள்.